வேடிக்கை பார்ப்போரின் பொறுப்பு

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமங்களுள் ஓலைத்தொடுவாயும் ஒன்று. பனையோலையும் கடல்வாயும் அதன் பெயரிலேயே கலந்து நிற்கின்றன. இத்தகைய கரையூர் ஒன்றில் ஆலயப் பெருநாள் இரவு எவ்வாறிருக்கும் என்பதை அத்தீவினை அறிந்தோர் எளிதில் மனக்கண்ணிற் கொண்டுவரலாம். வலைகள் வாடியில் ஓய்ந்து கிடக்கும். வள்ளங்கள் கரையேற்றப்பட்டிருக்கும். வெளியூர்களில் வாழும் உறவினர் வந்து சேர்ந்திருப்பர். திருச்சொரூப பவனி முடிந்து மக்கள் மணல்வெளியிற் கூடி நிற்கும் வேளையில் இருளினின்றும் ஒரு வாணம் சீறி எழுகின்றது. உச்சியிற் சென்று வெடித்து, சிவப்பும் பச்சையுமாகச் சிதறி, கடலின் மேல் அவிந்து விழுகின்றது. சிறுவர் ஆர்ப்பரிக்கின்றனர், முதியோர் முகத்திலும் மலர்ச்சி தோன்றுகின்றது. சில விநாடிகளே நிலைக்கும் அவ்வொளியை ஊர் முழுவதும் ஒருங்கே அண்ணாந்து நோக்குகின்றது.

இதனைத் தமிழில் வாணவேடிக்கை என வழங்குவர். இத்தொடரில் வரும் ‘வேடிக்கை’ என்னும் சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. விநோதமான காட்சியை அது குறிக்கும். ‘வேடிக்கை பார்த்தல்’ என்னும் வழக்கிலோ அதற்கு வேறொரு பொருளும் உண்டு. தன் கண்முன்னே ஒன்று நிகழ, அதிற் சிறிதும் பங்குகொள்ளாது ஒதுங்கி நிற்பவனையே ‘வேடிக்கை பார்க்கிறான்’ என்று ஊரார் இடித்துரைப்பர். ஒரே சொல் ஒரிடத்தில் மகிழ்ச்சியையும் மற்றோரிடத்திற் பழியையும் சுட்டி நிற்கின்றது. வாணவேடிக்கையை ஓர் அறவியற் பிரச்சினையாக நோக்குவார்க்கு இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடுவது புலனாகும். வாணத்தைக் கண்டு களிப்போர், அதனைச் செய்த கைக்கும் கொளுத்திய கைக்கும் நேரும் ஊறுபாட்டை வெறுமனே வேடிக்கை பார்ப்போர்தாமா? அன்றி அவ்வூறுபாட்டில் அவர்க்கும் ஏதேனும் பொறுப்பு உண்டா? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே.

இவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு முன், வானில் மலரும் அவ்வொளி எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். வாணத்தின் அடிப்படை கருமருந்து. பொற்றாசியம் நைத்திரேற்று 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் அளவு. தீக்கு வேண்டிய ஒட்சிசனை நைத்திரேற்று தன்னகத்தே கொண்டிருப்பதால் அக்கலவை எரிவதற்கு வெளிக்காற்றை எதிர்பார்த்திருப்பதில்லை. ஆகவே மூச்சையடைத்துத் தீயை அணைக்கும் வழக்கமான உபாயங்கள் அதனிடம் பயனற்றுப் போகின்றன. பேரொலியும் வெண்ணொளியும் வேண்டி அலுமினியத் தூள் சேர்க்கப்படும்போது அபாயம் பன்மடங்காகின்றது. உராய்வு, அடி, நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறி, காலணியின் அடியில் அகப்பட்ட ஒரு மணல், இவற்றுள் எதுவும் போதுமானது. குளோரேற்றும் கந்தகமும் சேர்ந்த கலவை தானாகவே தீப்பற்றக்கூடிய அளவுக்கு நிலையற்றது என்பதனால், வாணங்களில் அதனைப் பயன்படுத்துவதை 1894ஆம் ஆண்டிலேயே பிரித்தானியா தடைசெய்தது. இத்தொழிலின் அபாயங்கள் நேற்று இன்று அறியப்பட்டவையல்ல என்பதற்கு இதுவே சான்றாகும்.

செய்பவரின் நிலை இதுவாயின், கொளுத்துபவரின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. பெருவிழாக்களில் எறியப்படும் வான்வெடி ஒரு குண்டு வடிவினது. அது குழலொன்றினுள் இறக்கப்பட்டு, அடியிலுள்ள மருந்தின் விசையால் மேலே தள்ளப்படுகின்றது. குழல் சரிந்தால் அதே விசை மக்களை நோக்கித் திரும்பும். திரி எதிர்பார்த்ததிலும் விரைந்து எரிந்தால், குழலின் வாய்க்கு மேலே குனிந்து நிற்பவரின் முகமும் கையும் அழியும். ஒரு வெடி எழாது போயிற்றெனின், அது அவிந்துவிட்டதா, உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருக்கின்றதா என்பதை எவராலும் கூறமுடியாது. இவற்றுக்கெல்லாம் தொழிலறிந்தோர் வகுத்த விதிகள் உள்ளன. குழலை மணலிற் புதைத்தோ உறுதியான சட்டத்திற் பிணித்தோ நிறுத்தல் வேண்டும்; உடலின் எப்பகுதியும் குழலின் வாய்க்கு நேரே வருதலாகாது; இயலுமிடத்து மின்னிணைப்பின் மூலம் தூரத்தில் நின்றே கொளுத்துதல் வேண்டும்; எழாத வெடியை உடனே அணுகலாகாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நியமமொன்று வான்வெடியின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தூரம் விடவேண்டும் என வகுத்துள்ளது. அதன்படி ஆறங்குல வெடிக்கு மக்கள் 420 அடி விலகி நிற்றல் வேண்டும். எனினும் அவ்வெல்லைக்குள்ளே ஒருவர் நின்றே ஆகவேண்டிய இடங்கள் பல. ஏனையோரை அகற்றி நிறுத்தும் விதி அவரை உள்ளே நிறுத்துகின்றது.

இவ்வாறு உள்ளே நிறுத்தப்பட்டோரின் வரலாறு துயரமானது. தமிழகத்தில் வானம் பார்த்த கரிசல் பூமியில் அமைந்த நகரம் சிவகாசி. மழை குன்றிய காலநிலை பயிருக்குப் பகையாயினும் மருந்தை உலர்த்துவதற்கு ஏற்றதாயிற்று. 1920களில் தீப்பெட்டித் தொழிலோடு தொடங்கிய அவ்வூர், இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும் பகுதியை ஆக்கித் தரும் இடமாக வளர்ந்தது. அதற்கு அண்மையில் முதலிப்பட்டியில் 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதலில் எழுந்த தீயைக் கண்டு உதவிசெய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அயலூராரும் இறந்தோருள் அடங்குவர். சாத்தூருக்கு அண்மையில் அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பெப்ருவரி 12ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் இறந்தோர் தொகை 20ஐத் தாண்டிற்று. அங்கு உரிமம் பெற்றவர் ஒருவராகவும் அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியோர் வேறு பலராகவும் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. கேரளத்தில் கொல்லத்தை அடுத்த பரவூர்ப் புற்றிங்கல் ஆலயத்தில் 2016ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆம் நாள் விடியற்பொழுதில், போட்டியாக நடத்தப்பட்ட வாணவேடிக்கையின் பொறி வெடிகள் வைக்கப்பட்டிருந்த கட்டடத்திற் பற்றி நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போட்டிக்கு மாவட்ட நிருவாகம் அனுமதி மறுத்திருந்தது.

இது வறிய நாடுகளின் அவலம் மட்டுமே எனவும் கருதற்கில்லை. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், குடியிருப்புகளின் நடுவே இருந்த வாணக் களஞ்சியமொன்று வெடித்து 23 பேர் இறந்தனர். தீயை அணைக்கச் சென்ற வீரர் நால்வர் அவருள் அடங்குவர். ஹவாயின் வைக்கெலேயில் 2011ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் நாள், அரசு கைப்பற்றிய வாணங்களைக் கழற்றி அழிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். அத்தகைய ஒப்பந்தங்களை வழங்குகையில் நிறுவனத்தின் பாதுகாப்புத் தகைமை போதியளவு ஆராயப்படுவதில்லை என்பதை அதனை விசாரித்தோர் சுட்டிக்காட்டினர். இலங்கையில் நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கிம்புலாப்பிட்டிய, வீட்டோடு ஒட்டிய கொட்டில்களிற் குடும்பத்தவர் கூடி வாணம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கும் இத்தொழில் உயிர்களைக் கொண்டுசென்றுள்ளது.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் கேள்வியுறும்போது சமுதாயம் வழக்கமாகக் கூறும் ஆறுதல்கள் சில உள. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது பொருத்தமாகும்.

முதலாவது ஆறுதல் விதி என்பது. ‘நடக்கவேண்டியது நடந்தது’ என்னும் கூற்று இழப்பினால் வாடும் தாயொருத்தியின் வாயிலிருந்து பிறக்கும்போது அதனை மறுக்க எவர்க்கும் உரிமையில்லை. அது அவளுடைய துயரைத் தாங்கும் ஊன்றுகோல். அதே கூற்றைத் தொழிலை நடத்துபவரும் வாணம் வாங்குபவரும் கூறும்போது அது வேறொன்றாகிவிடுகின்றது. கடலிற் சுழல்காற்று எழுவதை எவரும் ஏற்பாடு செய்வதில்லை. பத்துப்பேர் வேலைசெய்யும் அறையொன்றில் ஒரேயொரு வாயில் இருப்பதும், கலந்த மருந்து அகற்றப்படாமற் குவிந்து கிடப்பதும் மனிதர் செய்த ஏற்பாடுகள். முன்கூட்டியே அறியப்பட்டதும், அறிந்த செலவில் தவிர்க்கக்கூடியதுமான ஒன்று தவிர்க்கப்படாது நிகழும்போது அதனை விதியெனல் பொருந்தாது. அங்கே யாரோ ஒருவர் கணக்குப் பார்த்திருக்கின்றார்; அக்கணக்கில் உயிரின் நிரல் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது.

இரண்டாவது ஆறுதல் கவனக்குறைவு என்பது. வெடிவிபத்துகள் பற்றிய செய்திகளில் அடிக்கடி காணப்படும் முடிபு இதுவே. தொழிலாளி மருந்தை அழுத்தி இடித்தார், பெட்டியை இழுத்தார், அவசரப்பட்டார் என்பர். இவை பொய்யெனக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அவர் ஏன் அவசரப்பட்டார் என்னும் வினா அங்கே எழுப்பப்படுவதில்லை. துண்டுக்கணக்கிற் கூலி பெறுபவருக்கு நிதானம் என்பது தன் பிள்ளையின் உணவிலிருந்து கழிக்கப்படும் தொகை. பண்டிகை நெருங்க நெருங்கக் கேள்வி பெருகும். கேள்வி பெருகக் கைகள் விரையும். மேலும், களைப்பும் மறதியும் மனித இயல்பு. எண்பது நாள் பிழையின்றிச் செய்த கை எண்பத்தோராம் நாள் தவறக்கூடும். இக்காரணத்தினாலேயே பாதுகாப்பு நெறிகள் அறைகளைச் சிறியனவாகவும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியனவாகவும் அமைக்கச் சொல்கின்றன. ஓர் அறையிலுள்ள ஆட்களின் தொகையையும் மருந்தின் அளவையும் மட்டிடுகின்றன. நிலைமின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தச் செய்கின்றன. இரும்புக் கருவிகளை விலக்குகின்றன. இந்நெறிகள் யாவும் ‘மனிதன் தவறுவான்’ என்னும் உண்மையை ஏற்றுக்கொண்டே பிறந்தவை. ஒருவர் தவறினாற் பத்துப்பேர் சாகும்படி அமைந்த கூடம், அவர் தவறுவதற்கு முன்பே தவறாக அமைந்துவிட்ட கூடமாகும்.

மூன்றாவது ஆறுதல் சம்மதம் என்பது. இதுவே மூன்றினும் வலுவுடையது. ‘அபாயம் என்று அறிந்துதானே அவர் அவ்வேலைக்குப் போனார், எவரும் கட்டி இழுத்துச் செல்லவில்லையே’ என்பர். பழைய ரோமச் சட்ட மரபிலும், அதன்வழி ஆங்கிலச் சட்டத்திலும், மனமுவந்து ஏற்ற தீங்குக்கு வழக்கில்லை என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. இக்கருத்தின் நிறையையும் குறையையும் அளப்பதற்கு அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலிற் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று துணைபுரியும். புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலிலுள்ள சரக்கைக் கடலில் எறிகின்றான். அவனை எவரும் வற்புறுத்தவில்லை. அவனே தன் கையால் எறிகின்றான். ஆயினும் புயலில்லாத வேளையில் எந்த மாலுமியும் அவ்வாறு செய்யான். ஆகவே அச்செயல் விருப்பும் வெறுப்பும் கலந்ததொன்று என்பது அப்பேரறிஞரின் கருத்து.

ஓலைத்தொடுவாய் மீனவருக்கு இவ்வெடுத்துக்காட்டை விளக்கவேண்டியதில்லை. வள்ளத்தைக் காக்க வலையை அறுத்துவிடும் நிலை எத்தகையது என்பதைக் கடற்றொழில் செய்வோர் நன்கு அறிவர். அறுத்த கை தன்னுடையதாயினும் அறுக்கச் செய்தது காற்று. வறட்சியால் நிலம் கைவிட்ட கரிசற் காட்டில், வேறு தொழிலற்ற ஒருவர் மருந்தறைக்குள் நுழைவதும் இதுபோன்றதொரு சம்மதமே. அவருடைய துணிவையும் தன்மதிப்பையும் மதித்தல் வேண்டும். அவரை அறியாமையுள்ள இரக்கப்பொருளாக நோக்குவது தவறு. அதே வேளையில், புயலினிடம் பெற்ற சம்மதத்தைக் காட்டித் தப்பிக்கொள்ளும் உரிமை பிறர்க்கு இல்லை. புயல் எவருடைய ஆக்கமுமன்று. வறுமையோ பெரும்பாலும் மனிதரின் ஆக்கமே. அவ்வறுமையினால் மலிவான வாணத்தைப் பெற்று மகிழ்வோர், அதே வறுமை பெற்றுத்தந்த சம்மதத்தைத் தமக்குக் கவசமாகக் கொள்ளுதல் நீதியாகாது.

சம்மதத்தை அடுத்து நிற்பது இழப்பீடு. காயத்துக்குப் பணம் கொடுத்துவிட்டாற் கணக்குத் தீர்ந்துவிடும் என்பது பலரின் எண்ணம். இலங்கையில் 1934ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1923ஆம் ஆண்டிலும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் ஆக்கப்பட்டன. இந்தியச் சட்டத்தின் அட்டவணை இரு கைகளின் இழப்பை நூறு விழுக்காடு உழைப்பிழப்பு எனவும், பெருவிரலின் இழப்பை முப்பது விழுக்காடு எனவும் வகுத்தது. அத்தகைய அட்டவணை தேவையானதே. அஃதில்லாத காலத்தில் விரலிழந்தவர் முதலாளியின் கருணையை எதிர்பார்த்து வாயிலில் நின்றார். எனினும் உழைக்கும் ஆற்றலின் இழப்பையே அட்டவணை அளக்கின்றது. பிள்ளையின் தலையைக் கோதிவிட முடியாமையும், வலையின் கண்ணை முடிய முடியாமையும் அதிற் பதிவதில்லை. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் நடத்துதலாகாது, அவனை நோக்கமாகவும் மதித்தல் வேண்டும் என 1785ஆம் ஆண்டிற் காண்ட் வலியுறுத்தினார். நட்டஈட்டை முன்கூட்டியே செலவுக்கணக்கிற் சேர்த்து, பாதுகாப்பை அமைப்பதிலும் அது மலிவானது எனக் கண்டு தொழிலை நடத்துபவர், தொழிலாளியின் கையைத் தேய்ந்தால் மாற்றும் உதிரிப்பாகமாகக் கருதுகின்றார். அப்பணம் குறைவின்றிக் கொடுக்கப்பட்டாலும் அக்கருத்து அறத்துக்குப் புறம்பானதே.

இவ்விடத்திற் சட்டமே நெடுங்காலம் தடுமாறியது என்பதும் நினைவுகூரத்தக்கது. தன் நிலத்தில் அபாயகரமான பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பவர், அது தப்பிச்சென்று பிறர்க்குத் தீங்கு விளைத்தால் தம்மீது தவறில்லாவிடினும் பொறுப்பாவார் என்னும் விதியை, 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. உலகப்போர்க் காலத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலையொன்றினுள் கடமையிலிருந்த ஆய்வாளர் ஒருவர் வெடிப்பிற் காயமுற்று, அவ்விதியின்கீழ் நட்டஈடு கோரினார். ரீட் எதிர் லயன்ஸ் என்னும் அவ்வழக்கில், வெடி தொழிற்சாலையின் எல்லையைத் தாண்டவில்லை என்பதனால் அவ்விதி பொருந்தாது என 1946இல் அதே சபை தீர்ப்பளித்தது. வேலிக்கு வெளியே நின்றவருக்கு இருந்த பாதுகாப்பு, வேலிக்கு உள்ளே வெடியின் அருகில் நின்றவருக்கு இல்லாது போயிற்று. நாற்பது ஆண்டுகளின் பின்னர், தில்லியில் நிகழ்ந்த அமிலவாயுக் கசிவு தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1986ஆம் ஆண்டு டிசெம்பரில் வேறொரு கொள்கையை நிறுவியது. அபாயகரமான தொழிலை நடத்தும் நிறுவனம், அயலில் வாழ்வோர்க்கு மட்டுமன்றி உள்ளே வேலைசெய்வோர்க்கும் விலக்கற்ற கடமை உடையது என்பதே அது. வேலி என்பது அறத்தின் எல்லையாகாது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அதுவெனலாம்.

அங்ஙனமாயின், வெடிபொருளோடு பழகும் தொழில் எதுவும் மனிதரைக் காவுகொண்டே தீருமா என்று ஒருவர் வினவலாம். இதற்கு விடைகாண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பே விடை பகரும். நீண்ட போர் அங்கு மிதிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் நிலத்தில் விதைத்துச் சென்றது. அவற்றை அகற்றும் பணியில் வடபுலத்து மக்கள் பலர், குறிப்பாகக் குடும்பச்சுமையைத் தனியே தாங்கும் பெண்கள், ஈடுபட்டு வந்துள்ளனர். அவர்கள் தேடிச்செல்லும் பொருள் மனிதனைச் சிதைப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆயினும் அப்பணி நெறிப்படுத்தப்பட்டுள்ள முறை கவனிக்கத்தக்கது. முகக்கவசமும் மார்புக்கவசமும் அணியாதவர் நிலத்தில் இறங்கலாகாது. ஒருவர்க்கும் மற்றவர்க்கும் இடையே குறித்த தூரம் இருத்தல் வேண்டும். ஒருவர் தொடர்ந்து வேலைசெய்யும் நேரத்துக்கு வரம்பும் இடையிடையே ஓய்வும் உண்டு. மருத்துவ உதவியாளரும் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வாகனமும் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. விரைவுக்குப் பரிசில்லை, நிதானமே அங்கு திறமையாகப் போற்றப்படுகின்றது. விபத்துகள் அங்கும் முற்றாக இல்லாமற் போகவில்லை. எனினும் அத்துணைக் கொடிய பொருளைக் கையாளும் பணியில் நாள்தோறும் மனிதர் இறங்கி, மாலையில் வீடு திரும்புகின்றனர் என்பது ஒழுங்கின் வெற்றியாகும். கொல்வதற்கெனச் செய்த பொருளை அகற்றுவோர்க்கு இத்தனை காவல் இயலுமாயின், களிப்பதற்கெனச் செய்யும் பொருளை ஆக்குவோர்க்கு அது இயலாது என்பது வாதமாகாது. இயலாமை என்று கூறப்படுவது பெரும்பாலும் செலவிட மனமின்மையே.

மன்னார்க் கடலும் இதன் மறுபக்கத்தைக் காட்டி நிற்கின்றது. வெடி வைத்து மீன்பிடித்தல் இலங்கையில் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அது மன்னார்க் கடலில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. திரி ஒரு விரற்கடை குறைந்தால் வெடி கையிலேயே வெடிக்கும். அவ்வாறு கையிழந்தவர் குற்றவாளியாகவும் இருப்பதனால் தம் காயத்தை மறைக்க நேர்கின்றது. மருத்துவமனையிற் காரணத்தை மாற்றிக் கூற நேர்கின்றது; நட்டஈடு கேட்க வாயில்லை. உரிமமின்றி வீட்டின் பின்புறத்தில் வாணம் செய்வோர்க்கும் இதே நிலைதான். இலங்கையின் 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் இந்தியாவின் 1884ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் உரிமத்தை வற்புறுத்துவது சரியே. ஆனால் தண்டனை ஒன்றே காவலாகும்போது, அபாயம் நீங்குவதற்குப் பதிலாகச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றது. மறைவில் நடக்கும் வேலைக்குப் பரிசோதகர் வருவதில்லை; மறைவில் ஏற்படும் காயம் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அதனைக் காண்பதற்குக் கண்ணும் கேட்பதற்கு வாயும் உள்ளவர் வாங்குபவர் ஒருவரே.

இவ்விடத்தில் முதலில் எழுப்பிய வினா மீண்டும் எதிர்ப்படுகின்றது. பார்ப்போர்க்குப் பொறுப்பு உண்டு என்று கூறுவதற்கு எதிராக இரு வாதங்கள் எழலாம். ஒன்று, பல்லாயிரவரிடையே பகிரப்படும் பொறுப்பு ஒவ்வொருவரிடத்தும் ஒன்றுமில்லாததாகத் தேய்ந்துவிடும் என்பது. கரைவலை இழுப்போரிடம் இவ்வாதம் செல்லாது. நாற்பது பேர் பற்றி இழுக்கும் கயிற்றில் ஒருவருடைய பங்கு சிறிதேயாயினும், ‘என் பங்கு சிறிது’ என்று ஒவ்வொருவரும் கைவிட்டால் வலை கரைசேராது. பங்கு சிறிதாயிருப்பது கடமையைச் சிறிதாக்கும், இல்லாததாக்காது. மற்றொன்று, வாணத்தை மக்கள் புறக்கணித்தால் அத்தொழிலை நம்பி வாழ்வோர் பட்டினி கிடக்க நேரும் என்பது. இது மெய்யானதும் மனச்சாட்சியை உறுத்துவதுமான வாதம். காயத்துக்கு அஞ்சிக் கூலியையே பறிப்பது அறமாகாது. ஆதலால், பார்ப்போரின் பொறுப்பு கண்களை மூடிக்கொள்வதால் நிறைவேறாது. இன்னும் சற்று நெடுந்தூரம் பார்ப்பதனாலேயே அது நிறைவேறும். வானத்தைப் பார்த்த கண் குழலின் அருகே நிற்பவரையும், அவருக்கும் அப்பால் மருந்தறையில் இருப்பவரையும் பார்த்தல் வேண்டும்.

அத்தகைய பார்வை ஒரு கரையூரின் பெருநாளில் எவ்வாறு செயலாகும்? விழாவை நடத்துவோர் வாணம் வாங்கும்போது விலையை மட்டும் கேளாது, அது உரிமம் பெற்ற இடத்திற் செய்யப்பட்டதா என்பதையும் கேட்கலாம். வாணக்காரரை அமர்த்தும்போது அவர்க்கும் அவருடைய உதவியாளர்க்கும் காப்புறுதி உண்டா என வினவி, அதற்காகும் தொகையையும் விழாச் செலவிற் சேர்க்கலாம். பயிற்சியில்லாத இளைஞர் உற்சாகத்தினால் குழலை நெருங்காதபடி தடுக்கலாம். வெடியின் அளவுக்கேற்ற தூரத்தைக் கயிறு கட்டி வரையறுக்கலாம். கடற்காற்று மக்கள்பக்கம் திரும்பினால் வாணத்தை நிறுத்திவிடும் அதிகாரத்தை வாணக்காரருக்கே முன்கூட்டி வழங்கலாம்; நிறுத்தியதற்காக அவருடைய கூலியைக் குறைக்காதிருக்கலாம். மறுநாட் காலை, வெடிக்காது கிடக்கும் வெடிகளைப் பொறுக்கச் சிறுவர் ஓடுமுன், பெரியோர் சென்று அவ்விடத்தைப் பார்க்கலாம். நிலத்திற் கிடப்பதைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குப் போர்க்காலம் முழுவதும் கற்பித்த மண்ணுக்கு இது புதிய பாடமன்று. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சுதலை அறிவின்பாற் சேர்த்தவர் வள்ளுவர். இவையனைத்தையும் செய்தால் வாணங்களின் தொகை குறையலாம். நூறு எழுந்த இடத்தில் நாற்பதே எழலாம். அக்குறைவு நட்டமன்று, இதுவரை பிறர் உடலினால் இறுக்கப்பட்டுவந்த விலையைப் பார்ப்போர் தாமே இறுக்கத் தொடங்கியதன் அடையாளம்.

இதில் ஒரு நீதியான பரிமாற்றமும் உண்டு. மீனவரின் வாழ்வே பிறர் அறியாத அபாயத்தினால் ஆனது. தொலைநகரின் சந்தையில் மீன் வாங்குபவர் அதன் விலையைப் பேரம் பேசுகின்றார். அம்மீனோடு கரைசேராத வள்ளத்தை அவர் அறியார். அறிந்தால் பேரம் பேசும் குரல் சற்றே தாழும் என்பது கடலோரத்தவரின் நியாயமான எதிர்பார்ப்பு. அதே எதிர்பார்ப்பு சிவகாசியிலும் கிம்புலாப்பிட்டியிலும் உள்ள வீடுகளிலிருந்து கடலோரத்தை நோக்கி வருகின்றது. தமக்கு உரியதெனக் கோருவதைப் பிறர்க்கும் உரியதென ஏற்கும்போதே கோரிக்கை அறமாகின்றது.

இனி, பெருநாள் இரவின் மணல்வெளியை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். வாணம் எழுந்து வெடித்து அவிந்தபின் சிறிது நேரம் இருள் முன்னிலும் அடர்ந்து தோன்றும். புகை கடற்பக்கம் நகரும். அப்பொழுது குழல்களின் அருகே கைவிளக்கொன்று அசையும். எழாத வெடி எதுவும் எஞ்சியுள்ளதா என ஒருவர் பார்த்து வருகின்றார். ஊரின் கண்கள் மறுவாணத்தை எதிர்நோக்கி வானத்தில் இருக்கும் அவ்வேளையில், ஒரு சிலரேனும் அக்கைவிளக்கைக் கவனித்து, அது பத்திரமாகத் திரும்பி வரும்வரை காத்திருப்பாராயின், அவர்களை வேடிக்கை பார்ப்போர் என்று எவரும் கூறமாட்டார்.